பீரோவுக்குள் ஒரு ஈ

பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள் முகத்தை நீட்டி ஒரு பெண் நின்றால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். அதிலும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றால் கேட்கவே வேண்டாம்.

"பீரோகிட்ட என்னடி ரகசியம் பேசறே?" என்றாள் அம்மா, தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமல்.

சின்னவள் திரும்பவில்லை. உதடு வேலையில் இருந்தது. பீரோவின் நடுத்தட்டில், மடித்த போர்வையின் மேல் ட்ரம்பெட் படுத்திருந்தது. அதன் அகன்ற வாய் அக்காவின் துணி அடுக்குக்குள் புதைந்திருந்தது. மவுத்பீஸ் மட்டும் தட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து அதில் உதட்டை வைத்து ஊதினாள். கொசுவலைக்குள் மாட்டிய வண்டு மாதிரி ஒரு சத்தம் துணிகளுக்குள்ளிருந்து வந்தது.

துணிக்குள் ஊதியதற்குக் காரணம் பக்கத்து அறையில் தூங்கும் அக்காவின் குழந்தை. கையைக் கட்டிக்கொண்டதற்குக் காரணம் வேறு.

ட்ரம்பெட்டில் மேலே ஏறவேண்டும் என்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது, கருவியை உதட்டோடு சேர்த்து அழுத்துவதுதான். அழுத்தினால் ஒன்றிரண்டு சுரம் கூடுதலாக வரும். அதற்குமேல் உதடு செத்துப்போகும். கண்ணாடியில் பார்த்தால் வாயைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம் மட்டும் மிஞ்சும். கை இருந்தால்தானே அழுத்தும்? தட்டில் கிடக்கும் ட்ரம்பெட்டைக் கை தொடாமல் ஊதும்போது, கொஞ்சம் அழுத்தினாலும் அது வழுக்கிக்கொண்டு துணிக்குள் போய்விடும். அப்போது மிஞ்சுவது காற்றும் நாக்கும் வாயின் இரண்டு ஓரங்களும்தான். ஏறுவதென்றால் அவற்றை வைத்துத்தான் ஏறியாக வேண்டும்.

இந்த வழியை அவளே யோசித்துப் பிடித்தாள். அதில் அவளுக்கு உள்ளுக்குள் பெருமை உண்டு. பெருமையை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம்தான் இல்லை.

அவளுக்கு வேலை குடிநீர் இலாகாவின் பரிசோதனைக் கூடத்தில். பாட்டில் பாட்டிலாக வரும் தண்ணீரில் குளோரின் எவ்வளவு, கலங்கல் எவ்வளவு என்று பார்த்து எழுதவேண்டும். பேச்சு அதிகம் தேவைப்படாத வேலை. மீட்டிங்கில் யாராவது "லேப் என்ன சொல்லுது?" என்று கேட்டால் தாளை நீட்டுவாளே தவிர வாயைத் திறக்கமாட்டாள். நாளடைவில் இலாகாவில் அவள் பெயரே லேப் என்று ஆகிவிட்டது.

அந்த இலாகாவுக்கு ஒரு பேண்ட் இருந்தது. பம்ப் ஆபரேட்டர், மீட்டர் ரீடர், ஜீப் டிரைவர் என்று ஆளுக்கொரு கருவியோடு வந்து உட்காருவார்கள். ட்ரம்பெட் மொத்தம் மூன்று. மூன்றாவது ட்ரம்பெட் லேப். மூன்றாவது என்பது கட்டடத்தின் அஸ்திவாரம் மாதிரி. இருந்தால் யாரும் பார்க்கமாட்டார்கள், இல்லாவிட்டால் எல்லோரும் பார்ப்பார்கள். அவளுக்கு எழுதியிருக்கும் சுரங்கள் எல்லாம் கீழேயும் நடுவிலும்தான். உயரத்தில் போய்வரும் வேலை முதல் ட்ரம்பெட்டுடையது.

அந்த முதல் ட்ரம்பெட்காரருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. புது சுத்திகரிப்பு நிலையத்தின் திறப்பு விழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது. விழாவில் வாசிக்க வேண்டிய பாட்டின் முடிவில், கருவிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி ஓய்ந்துவிடும். ஒரே ஒரு ட்ரம்பெட் மட்டும் மேலே, மேல் சி என்று அவர்கள் சொல்லும் உச்ச சுரத்தில், தனியாக நிற்கும். நின்று, மெல்ல மெல்ல மறையும். பேண்டில் சேர்ந்த நாளிலிருந்து, அந்த இடம் வரும்போதெல்லாம் அவள் தன் ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கிறாள். மற்றவர்கள் அந்த நேரத்தில் நோட்டேஷன் தாளை மடிப்பார்கள், தண்ணீர் குடிப்பார்கள். அவள் மூச்சுக்கூடச் சத்தமாக விடமாட்டாள்.

அந்தச் சுரம் அவளுக்கு வேண்டும். முதல் நாற்காலியில் உட்காருகிறவருக்குத்தான் அது கிடைக்கும்.

பேண்டை நடத்துபவர் பில் பிரிவின் சூப்பரின்டெண்ட். எல்லோரும் அவரை மாஸ்டரம்மா என்பார்கள். "முதல் நாற்காலி யாருக்கு வேணுமோ கையைத் தூக்குங்க" என்று அவர் கேட்டபோது, இரண்டாவது ட்ரம்பெட்டின் கை உடனே மேலே போயிற்று. அவர் தெருத் தெருவாகப் போய்த் தண்ணீர்க் குழாய்களின் வால்வைத் திறந்து மூடும் ஊழியர். பெயர் வால்வு அண்ணன். ட்ரம்பெட்டில் விரலால் அழுத்தும் பொத்தான்களுக்கும் வால்வு என்றே பெயர் என்பதால், "ஆபீஸ்லயும் அதே வேலை, பேண்டுலயும் அதே வேலை, சம்பளம் மட்டும் ஒண்ணு" என்று ஆள் கிடைத்தால் சொல்லாமல் விடமாட்டார்.

வேறு கை இல்லை என்று நினைத்து மாஸ்டரம்மா எழப் போனார். அப்போதுதான் கவனித்தார்கள். லேபின் கை தோளுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றிருந்தது.

"ஃபேன் போடணுமாம்மா?" என்றார் டிரம் அடிக்கும் ஜீப் டிரைவர்.

"இல்லை," என்றாள் லேப். "எனக்கும் வேணும்."

எல்லோரும் நாற்காலியில் திரும்பி அவளைப் பார்த்தார்கள். பிறகு வால்வு அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அமைதியான தண்ணிதான் ஆழம்னு சும்மாவா சொன்னாங்க! வா தங்கச்சி. எதிர்ல ஆள் இல்லாம ஜெயிச்சா எனக்கும் சோறு இறங்காது."

"அடுத்த மாசக் கடைசி சனிக்கிழமை," என்றார் மாஸ்டரம்மா. "ரெண்டு பேரும் பாட்டோட முடிவை பேண்ட்கூட வாசிச்சுக் காட்டுங்க. அன்னைக்கே சொல்லிடறேன்."

அதன் பிறகுதான் பீரோ.

மேலே ஏறுவதில் பாதி வேலை நாக்குடையது. கீழ்ச் சுரத்துக்கு நாக்கு வாய்க்குள் 'ஆ' என்று படுத்திருக்க வேண்டும். ஏற ஏற அது எழுந்து 'ஈ' என்று அண்ணத்தை நெருங்க வேண்டும். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் தூரமாகப் பீய்ச்சும் இல்லையா, அதே கணக்கு. காற்றை மேலும் மேலும் திணிக்கவேண்டியதில்லை, வழியைக் குறுக்கினால் போதும். கையில் ட்ரம்பெட் இல்லாத நேரத்திலும் அவள் இதைப் பழகினாள். பல் தேய்க்கும்போது, பாத்திரம் கழுவும்போது, தலை பின்னும்போது: "ஆஆ... ஈஈ... ஆஆ... ஈஈ..."

முதல் நாள் அம்மா துண்டைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தாள். "எங்கடி, எங்கே?"

"என்னம்மா எங்கே?"

"ஈ ஈன்னு கத்தினியே!"

அக்கா சிரித்த சிரிப்பில் குழந்தை எழுந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் மேல் சி-க்குப் பெயர் ஈ. மாலையில் அவள் பீரோவைச் சாத்தும் சத்தம் கேட்டதும், "இன்னைக்கு ஈ வந்துச்சா?" என்று மெஷினடியிலிருந்து அம்மாவின் குரல் வரும்.

"வந்துச்சு, உட்காரலை," என்பாள் சின்னவள்.

"சர்க்கரை வச்சுப் பாரேன்," என்பாள் அக்கா. "அப்புறம் இன்னொண்ணு. ஈ வருதோ இல்லையோ, என் துணியெல்லாம் ஊதி ஊதி ஆவி பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு. இஸ்திரி போடறது யாரு?"

"நான் போடறேன்."

"அப்ப நல்லா ஊது."

அவளுடைய பழக்கத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் மவுத்பீஸை மட்டும் கையில் எடுத்து, உதட்டைச் சூடேற்றும் மெல்லிய முனகல். பிறகு கீழே, நீள நீளமான சுரங்கள். பிறகு ஏற்றம். எவ்வளவு நேரம் ஊதினாளோ அவ்வளவு நேரம் ஓய்வு. இதில் மட்டும் அவள் தனக்குத் தானே சலுகை கொடுத்ததில்லை. உதடு தசைதானே? களைத்த தசையிடம் வேலை வாங்கினால் அது தப்பாகத்தான் கற்றுக்கொள்ளும். ஓய்வு நேரத்தில் குழந்தையின் துணியை மடித்தாள், அம்மாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். சத்தமாக ஊதி ஏறுவதைவிட மெதுவாக ஊதி ஏறுவது கடினம் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. குழந்தை தூங்குவதால் அவளுக்கு வேறு வழியும் இல்லை. மெதுவாகத்தான் ஏறினாள்.

சரி, ஏறிய இடம் மேல் சி-தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விரலே வைக்காமல், உதட்டாலும் காற்றாலும் மட்டும் ஏறக்கூடிய படிகள் ட்ரம்பெட்டில் உண்டு. கீழே அந்தப் படிகள் அகல அகலமாக இருக்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவேண்டும். மேலே போகப் போக நெருங்கிக்கொண்டே வரும். உச்சியில், எந்தப் படியில் நிற்கிறோம் என்று காலுக்கே தெரியாத நெருக்கம். மூன்றாவது ட்ரம்பெட்டில் உட்கார்ந்தவளுக்கு அந்த உயரம் புதுசு. துணிக்குள் ஊதுவதால் காதுக்கும் பாதிதான் கிடைத்தது. ஒத்துப் பார்க்க வீட்டில் வேறு கருவியும் கிடையாது, அம்மாவின் தையல் மெஷினைத் தவிர.

ஆனால் அவள் இயற்பியல் படித்தவள். கல்லூரி லேபில் மரப்பெட்டிக்குள் வரிசையாக நின்ற இசைக்கவைகள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தன. ரப்பர் கட்டையில் தட்டினால் பாடும் எஃகுக் கவைகள். ஒவ்வொன்றின் காம்பிலும் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் பொறித்திருக்கும். சி என்றால் ஐந்நூற்றுப் பன்னிரண்டு. ஒரு நொடிக்கு அத்தனை அதிர்வு. அதற்கு மேல் சி என்றால் அதன் இரண்டு மடங்கு, ஆயிரத்து இருபத்து நான்கு. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. இதில் யாரைப் போய்க் கேட்பது?

அதிர்வை அளக்கும் ஒரு செயலியைப் போனில் ஏற்றிக்கொண்டாள். போனைப் பீரோவின் தட்டில், மவுத்பீஸுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

கொஞ்ச நாளிலேயே உயரத்தில் ஒரு சுரம் வந்து நின்றது. இதமான சுரம். கூப்பிட்டால் வந்தது, போ என்றால் போயிற்று. அவள் ஆசையோடு போனைப் பார்த்தாள். தொள்ளாயிரத்து முப்பது சொச்சம் என்று காட்டியது. போதாது. அதை விட்டுவிட்டு மேலே பார்த்தாள். அதற்குப் பிறகும் அந்தச் சுரம் தினம் வந்துகொண்டுதான் இருந்தது. கதவு திறந்திருந்தால் உள்ளே நுழைந்துவிடும் பக்கத்து வீட்டுப் பூனை மாதிரி, தேடாதபோதெல்லாம் வந்து நின்றது. அவள் அதற்குப் பொய் ஈ என்று பெயர் வைத்தாள். பொய் ஈயை ஓட்டிவிட்டு நிஜ ஈயைத் தேடினாள்.

நிஜ ஈ லேசில் வரவில்லை. வந்தது, வழுக்கியது, மறுபடி வந்தது. வாயின் ஓரங்கள் இரண்டும் முதலில் வலித்தன, பிறகு கெட்டிப்பட்டன. ஒருநாள் போனில் எண் ஆயிரத்து இருபத்து நான்கைத் தொட்டுத் தாண்டி, ஆயிரத்து நாற்பது பக்கத்தில் போய் அப்படியே நின்றது. தேவைக்குக் கொஞ்சம் கூடுதல். குறைந்தால்தானே தப்பு? கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியபடியே, பீரோவுக்குள் தலையை வைத்துக்கொண்டு, அவள் தனியாகச் சிரித்தாள்.

"உட்கார்ந்துடுச்சு!" என்று அம்மாவிடம் போய்ச் சொன்னாள்.

"அடிச்சிடாதே," என்றாள் அம்மா.

சனிக்கிழமைக்கு முன் ஒரு மாலை, குழந்தை விழித்திருந்த நேரத்தில், அவள் ட்ரம்பெட்டைக் கையிலேயே எடுத்துப் பாட்டின் கடைசி வரியை முழுசாக வாசித்தாள். வரி படிப்படியாக ஏறி உச்சியில் போய் நின்றது. கணீரென்று இருந்தது. குழந்தை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. அக்கா மட்டும் கையிலிருந்த துணியை மடிக்காமல் நிறுத்தினாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா முடிஞ்ச மாதிரி இல்லையேடி."

"ஏன்?"

"எனக்கென்ன தெரியும்? படியேறி வந்தவங்க வீட்டுக்குள்ள போகாம, வாசலைத் தாண்டிப் போயிட்ட மாதிரி இருக்கு."

சின்னவளுக்கும் அப்படி ஒரு நெருடல் இருந்தது. புது உயரம், காது இன்னும் பழகவில்லை, அதனால்தான் என்று அவள் அதை ஒதுக்கி வைத்திருந்தாள். போனை எடுத்து அக்காவிடம் காட்டினாள். "நம்பர் சரியா இருக்குக்கா. பாரு."

"அப்ப நம்பரையே வாசிக்கச் சொல்லு," என்று அக்கா துணியை மடிக்க ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை மதியம் மீட்டர் குடோனில் கூடினார்கள். பேண்ட் எப்போதும் பழகும் இடம் அதுதான். ஓடாமல் நின்றுபோன தண்ணீர் மீட்டர்கள் சுவரோரம் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. தகரக் கூரைக்குக் கீழே வெயில் இறங்கியிருந்தது. எல்லோரும் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதல் நாற்காலி காலியாக இருந்தது.

"யார் முதல்ல?" என்றார் மாஸ்டரம்மா.

"வயசுக்கு மரியாதை," என்று வால்வு அண்ணன் எழுந்தார்.

அவர் நன்றாக வாசிப்பவர். யாரும் மறுக்க முடியாது. பேண்ட் கடைசி வரிக்கு வந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். வால்வு அண்ணன் ஏறினார். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் செங்கல் நிறமானது, மேல் சி மெயின் குழாய் வெடித்த மாதிரி வெளியே வந்தது. கூரைத் தகரம் அதிர்ந்தது. ஆனால் அதை மெதுவாக்கி மறையவிட வேண்டிய இடத்தில், சுரம் ஒருமுறை நடுங்கி அறுந்துவிட்டது.

"நல்ல சத்தம்," என்றார் மாஸ்டரம்மா. "ஆனா அங்கே மறையணும். இன்னொரு தடவை மெதுவா முயற்சி பண்ணுங்க."

இரண்டாவது தடவையும் அதேதான். வால்வு அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டார். "மெதுவா ஊதினா அது வராது மாஸ்டரம்மா. பிரஷர் இல்லாம மூணாவது மாடிக்குத் தண்ணி ஏறுமா? நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரம்மாவும் சிரித்தார். பிறகு லேபைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் எழுந்தாள். வழக்கமாக இத்தனை கண்கள் தன் மேல் இருந்தால் அவளுக்குக் கைக்கும் காலுக்கும் என்ன செய்வதென்று தெரியாது. இன்று கைக்கு வேலை இருந்தது. அதிலும் குறைந்த வேலைதான். விரல் நுனிகளால் தாங்கினால் போதும். உதடு வேலையைத் தெரிந்து வைத்திருந்தது. பயமாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை.

பேண்ட் ஆரம்பித்தது. அவள் கடைசி வரியில் ஏறினாள். நாக்கு 'ஆ'விலிருந்து 'ஈ'க்குப் போயிற்று. உச்சியில் நிஜ ஈ, ஒரு நடுக்கம் இல்லாமல், சுத்தமாக வந்து உட்கார்ந்தது.

உட்கார்ந்த அந்த நொடியில் குடோனில் இருந்த அத்தனை முகங்களும் புளியைக் கடித்த மாதிரி சுருங்கின. டியூபா வாசிக்கும் பம்ப் ஆபரேட்டர் பாதியில் நிறுத்தி, தப்பு தன்னுடையதோ என்று தன் கருவியைத் திருப்பிப் பார்த்தார். ஜீப் டிரைவர் குச்சியைக் காதில் வைத்துக்கொண்டார். தாளம் காட்டிக்கொண்டிருந்த மாஸ்டரம்மாவின் கோல் காற்றிலேயே நின்றது.

"எங்கேம்மா போறே?" என்றார் அவர்.

"மொட்டை மாடிக்கு ஏறச் சொன்னா, தங்கச்சி தண்ணித் தொட்டி மேலேயே ஏறிடுச்சு!" என்றார் வால்வு அண்ணன். குடோன் முழுக்கச் சிரிப்பு. மீட்டர் மூட்டைகள்கூடச் சிரித்த மாதிரி எதிரொலித்தது.

அவளுடைய காது மடல்கள் சுட்டன. தண்ணித் தொட்டி மேலே. ஒரு படி மேலே. எப்படி? எண் சரி. கவை சரி. இரண்டு மடங்கு சரி. அவள் குனிந்து எதிரே ஸ்டாண்டில் இருந்த தாளைப் பார்த்தாள். மேல் சி, சந்தேகமில்லை. பார்வை அந்தச் சுரத்திலிருந்து நகர்ந்து, தாளின் இடது மூலைக்குப் போயிற்று. அங்கே சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தது: ட்ரம்பெட், பி ஃப்ளாட்.

இந்த வார்த்தை ஒவ்வொரு தாளிலும் உண்டு. பேண்டில் சேர்ந்ததிலிருந்து பார்க்கிறாள். ட்ரம்பெட்டைச் செய்த கம்பெனி வைத்த மாடல் பெயர் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பி ஃப்ளாட். அதாவது, இந்தக் கருவிக்குத் தாளில் சி என்று எழுதினால், கேட்கிற காதில் விழுவது பி ஃப்ளாட். கவையின் சி-க்கு ஒரு படி கீழே. பேண்டில் யாரும் இதைச் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. எல்லோரும் தாளைப் பார்த்து வாசிக்கிறவர்கள். பீரோவுக்குள் போனை வைத்து அளக்கிறவர்கள் யாரும் இல்லை. கவையின் சி-யைத் தேடிக்கொண்டு போனவள், ட்ரம்பெட்டின் மேல் சி-யை மிதித்துத் தாண்டி அடுத்த படியில் போய் நின்றிருக்கிறாள். அப்படியானால் அந்தத் தொள்ளாயிரத்து முப்பது? கூப்பிடாமலே வந்து நின்ற அந்தப் பொய் ஈ?

லேபில் அவள் லேபிளைப் படிக்காமல் ஒரு பாட்டிலைத் தொட்டதில்லை. அது அவளுடைய தலையாய கொள்கை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் வாய்திறந்து சொல்லும் ஒரே புத்திமதியும் அதுதான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் உதட்டை மடித்து அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. தன் மேல் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் நின்று தானும் சிரிப்பது எவ்வளவு சுலபம் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"என்னம்மா, நீயும் சிரிக்கிறே?" என்றார் மாஸ்டரம்மா.

"ஒரு படி மேல போயிட்டேன் மாஸ்டரம்மா. சி-க்குப் பதிலா டி வாசிச்சிட்டேன்."

"அது எங்களுக்கும் கேட்டுச்சு."

"இன்னொரு தடவை. இப்ப சி வரும்."

இலாகாவில் அவள் ஒரு மூச்சில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. மாஸ்டரம்மா அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுக் கோலைத் தூக்கினார்.

மறுபடியும் கடைசி வரி. டியூபா இறங்கியது. கிளாரினெட்டுகள் இறங்கின. வால்வு அண்ணனின் இரண்டாவது ட்ரம்பெட் நல்ல பிள்ளையாகக் கீழே போய் உட்கார்ந்தது. அவள் ஏறினாள். பழகிய உயரத்துக்கு ஒரு படி முன்னாலேயே நின்றாள். நிற்பதற்கு எந்தப் பிரயாசையும் வேண்டியிருக்கவில்லை. மேலே இன்னொரு மாடி இருப்பதால், இந்த மாடி உச்சியாகவே தெரியவில்லை. நடுக்கூடத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

கீழே ஓய்ந்துகொண்டிருந்த கருவிகளின் சத்தம் அவளுடைய சுரத்தைத் தாங்கிக்கொண்டது. இவ்வளவு நாளும் அவள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே இடம். வந்தவர்கள் வாசலைத் தாண்டாமல் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள்.

அவள் அதை மெதுவாக்கினாள். மெதுவாக ஊதுவதைத்தான் குழந்தை அவளுக்குத் தினமும் பழக்கியிருந்ததே. சுரம் மெலிந்தது, அறவில்லை. இன்னும் மெலிந்தது. ஜீப் டிரைவர் கழுத்தை நீட்டிக் கேட்டார். சுரம் எங்கே முடிந்தது, கூரைத் தகரத்தில் காற்று உரசும் ஓசை எங்கே தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மாஸ்டரம்மா கோலைக் கீழே வைக்க மறந்துபோய் நின்றார். பிறகு வைத்தார்.

"இது எங்கேயிருந்தது இவ்வளவு நாளா?"

"பீரோவுல," என்றாள் லேப்.

அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. முதலில் எழுந்தவர் வால்வு அண்ணன். காலியாக இருந்த முதல் நாற்காலியைத் தூக்கி, தூசியை உள்ளங்கையால் தட்டி, அவளுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"உட்காரு தங்கச்சி. நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல? எனக்கு சி-க்கு மேல கூரைதான் இருக்கு. உனக்கு இன்னும் ஒரு மாடி இருக்கு."

"நான் இன்னும் சொல்லவே இல்லையே," என்றார் மாஸ்டரம்மா.

"சொல்லுங்க."

"உட்காரும்மா," என்றார் மாஸ்டரம்மா. "ஆனா அந்த மேல்மாடியைப் பூட்டி சாவியை இடுப்புல சொருகிக்கோ. விழா அன்னைக்கு அது வெளியே வரக்கூடாது."

"வராது."

"விழா அன்னைக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்துச்சுன்னா சொல்லு," என்றார் வால்வு அண்ணன். "நான் தயாரா இருப்பேன்."

"அதுவும் வராது அண்ணா," என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். நாற்காலி லேசாக ஆடியது. அந்தப் பழைய முதல் ட்ரம்பெட்காரர் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. அவள் நோட்டேஷன் தாளின் உறையை நான்காக மடித்து ஒரு காலுக்கு அடியில் வைத்தாள். ஆட்டம் நின்றது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா மெஷினில் இருந்தாள். அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பேச்சு என்னவோ சின்னவள் போடுவதாகத்தான். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். "ஈ வந்துச்சா?"

"வந்துச்சு. முதல் நாற்காலி எனக்குத்தான்."

அம்மா மெஷினை நிறுத்தினாள். அந்த வீட்டில் பகலில் அம்மா மெஷினை நிறுத்துவது என்பது சாதாரண விஷயம் அல்ல. எழுந்து வந்து மகளின் மோவாயைப் பிடித்து, மங்கிப்போயிருந்த அந்தச் சிவப்பு வளையத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள்.

"ஆனா ஒண்ணும்மா," என்றாள் சின்னவள். "ஈ ரொம்ப நாளாவே அங்கேதான் உட்கார்ந்திருந்திருக்கு. நான்தான் இது இல்லைன்னு ஓட்டிக்கிட்டே இருந்திருக்கேன்."

அவள் கவையையும் எண்ணையும் மாடல் பெயரையும் ஒவ்வொன்றாக விளக்கினாள். அம்மா பொறுமையாகக் கேட்டாள். பாதி புரிந்ததோ முழுசும் புரிந்ததோ, முடிவுக்கு வந்துவிட்டாள்.

"அப்ப நாங்க எல்லாம் நீ வாசிக்கிறேன்னு நினைச்சோம். நீ இத்தனை நாளா ஈதான் ஓட்டிக்கிட்டிருந்தியா?"

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தாள். "நான் அன்னைக்கே சொன்னேன். வாசலைத் தாண்டிப் போகுதுன்னு. கேட்டியா? நம்பராம் நம்பர்."

"கேட்டிருக்கணும்," என்றாள் சின்னவள். சொல்லும்போதே கை பீரோவின் கதவைத் திறந்துவிட்டது.

"இன்னும் என்னடி? அதான் கிடைச்சிடுச்சே?"

"மேல்மாடி இருக்கில்லம்மா," என்றாள் அவள், போர்வையைத் தட்டில் மடித்துப் போட்டபடி. "பூட்டி வைக்கச் சொல்லியிருக்காங்க. பூட்டின வீட்டையும் அப்பப்ப பெருக்கணும்."

போனை மேஜை மேலேயே விட்டுவிட்டாள். ட்ரம்பெட்டைத் தட்டில் படுக்க வைத்தாள். இஸ்திரி போட்ட துணியை அக்கா அவசர அவசரமாக வேறு பக்கம் நகர்த்தினாள். சின்னவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்தாள்.